கருவில் கைகால்களும் விரல்களும் உருவாதல்

கருவின் பக்கவாட்டில் சிறு மொட்டுப் போல எழும் செல் திரள், சில சமிக்ஞை மூலக்கூறுகளின் வழிகாட்டலில் தோள் முதல் விரல் நுனி வரை ஒழுங்கான உறுப்பாக வளர்கிறது. இதுவே கைகால் உருவாக்கம் எனப்படுகிறது. கோழி, எலி, தவளை, பல்லி, மனிதர் என எல்லா நான்குகால் முதுகெலும்பிகளிலும் இந்த மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒன்றே. "நீ சுண்டுவிரல் ஆவாய்" என்று எந்தச் செல்லுக்கும் முன்கூட்டியே விதிக்கப்படவில்லை. தான் நிற்கும் இடத்தில் எந்த மூலக்கூறு, எவ்வளவு, எத்தனை நேரம் வந்து சேர்கிறது என்பதைக் கொண்டே செல் தன் வேலையை அறிகிறது. இந்த உண்மை தெளிவானதில் ஜெய்ப்பூரிலும் புவனேசுவரத்திலும் தலைப்பிரட்டைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளுக்கு நல்ல பங்கு உண்டு. தமிழ்ப் பாடநூல்களில் அவை அதிகம் பேசப்படுவதில்லை.

மூன்று திசைகள்

சின்ன காஞ்சிபுரத்தில் தறியிலிருந்து அறுத்தெடுத்த ஒரு பட்டுச் சேலையை விரித்தால் அதில் மூன்று திசைகளைக் காணலாம். உள்தலைப்பிலிருந்து முந்தி வரை நீளவாக்கில் ஒன்று. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை அகலவாக்கில் ஒன்று. மேல்பக்கம், அடிப்பக்கம் என்பது மூன்றாவது. கையும் அப்படியே. தோளிலிருந்து விரல் நுனி வரை முதல் திசை; பெருவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் வரை இரண்டாம் திசை; புறங்கையிலிருந்து உள்ளங்கை வரை மூன்றாம் திசை. ஒவ்வொரு திசைக்கும் தனிச் சமிக்ஞை மையம் உண்டு. உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைப்பது போல இந்த மையங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றவையும் தளர்ந்துவிடும்.

ஒப்புமை இந்த அளவோடு நிற்க வேண்டும். ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டை இருக்கிறது. அதற்கு முன்பாகக் கட்டத்தாளில் டிசைன் போட்ட ஒருவர் இருக்கிறார். கருவில் அட்டையும் இல்லை, அதைப் பார்த்து நெய்பவரும் இல்லை. மரபணுக்களை வரைபடம் என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். ஐந்து விரல்களின் படம் எந்த மரபணுவிலும் இல்லை. எந்தப் புரதத்தை எப்போது சுரக்க வேண்டும், எது வந்து சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளே அங்கு உள்ளன. அந்த விதிகளின்படி பல்லாயிரம் செல்கள் அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வதால்தான் கை உருவாகிறது.

மூன்றாம் திசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரும்பின் மேற்புறத் தோலிலிருந்து டபிள்யூஎன்டி7ஏ என்னும் புரதம் சுரந்து, அதன் கீழுள்ள செல்களில் எல்எம்எக்ஸ்1பி என்ற மரபணுவை இயக்குகிறது. அந்த மரபணு இயங்கும் பக்கம் புறங்கை ஆகிறது. நகம் அந்தப் பக்கமே வளர்கிறது. இந்த மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதானாலும் நகங்களும் முழங்கால் சில்லும் சரியாக அமையாத ஒரு பரம்பரைக் கோளாறு தோன்றுகிறது.

அரும்பு எழும் காலம்

மனிதக் கருவில், கருத்தரித்த ஏறத்தாழ 26ஆம் நாளில் கை அரும்பு தென்படுகிறது. கால் அரும்பு ஓரிரு நாள் பின்தங்கி எழுகிறது. ஆறாவது வாரத்தில் கை ஒரு சிறு துடுப்பைப் போல இருக்கும். அதற்குள் விரல்களின் கீற்றுகள் மங்கலாகத் தெரியும். எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அப்போது கருவின் மொத்த நீளமே சுமார் 3 செ.மீ.தான். மாதவிலக்கு தள்ளிப்போனதை ஒரு பெண் கவனித்து, பரிசோதனை செய்து, வீட்டில் சொல்லும் நாட்களில்தான் இத்தனையும் நடக்கின்றன. இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு இந்தக் கணக்கு தேவைப்படும்.

கோழிக்கரு 21 நாளில் பொரிகிறது. மூன்றாம் நாளிலேயே இறக்கை அரும்பும் கால் அரும்பும் எழுந்துவிடும். ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, அரும்பில் வேண்டியதைச் செய்து, மீண்டும் மூடி அடைகாப்புப் பெட்டியில் வைத்தால் குஞ்சு தொடர்ந்து வளரும். இத்துறையின் அடிப்படை உண்மைகளில் பெரும்பாலானவை கோழி முட்டையிலிருந்து கிடைத்தவை என்பதற்கு இந்த வசதியே காரணம்.

அரும்பின் அமைப்பு எளியது. வெளியே மெல்லிய தோல் அடுக்கு. உள்ளே நெருக்கமில்லாத செல்கள். உள்ளிருக்கும் செல்கள் எஃப்ஜிஎஃப்10 என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து வெளித்தோலைத் தூண்டுகின்றன. வெளித்தோல் பதிலுக்கு எஃப்ஜிஎஃப்8 சுரந்து உள்செல்களைப் பெருக வைக்கிறது. இப்படி மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொள்வதால்தான் அரும்பு வெளிநோக்கி நீள்கிறது. எஃப்ஜிஎஃப்10 இல்லாதபடி மாற்றப்பட்ட எலிகள் கைகால்களே இல்லாமல் பிறந்தன.

கையா, காலா என்பதும் தொடக்கத்திலேயே முடிவாகிறது. டிபிஎக்ஸ்5 என்ற மரபணு கை அரும்பிலும், டிபிஎக்ஸ்4 கால் அரும்பிலும் இயங்குகின்றன. டிபிஎக்ஸ்5 இதய வளர்ச்சியிலும் பங்கு கொள்வதால் அது பழுதானால் பெருவிரல் குறைபாடும் இதயத்தில் ஓட்டையும் சேர்ந்து வரக்கூடும். பெருவிரல் சரியாக அமையாமல் பிறந்த குழந்தையின் நெஞ்சில் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கவனமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுனி முகடு

அரும்பின் நுனியில் வெளித்தோல் சற்றுத் தடித்து ஒரு முகடு போல இருக்கும். 1948இல் அமெரிக்க உயிரியலாளர் ஜான் சாண்டர்ஸ் கோழிக்கருவின் இறக்கை அரும்பில் இந்த முகட்டை மட்டும் நுண்ணிய ஊசியால் நீக்கிப் பார்த்தார். முன்னதாக நீக்கியபோது மேற்கை எலும்பு மட்டும் உருவாகி வளர்ச்சி நின்றது. கொஞ்சம் பொறுத்து நீக்கியபோது முன்கை வரை வந்தது. இன்னும் பொறுத்தால் மணிக்கட்டு வரை. கை தோளிலிருந்து விரலை நோக்கி வரிசையாக உருவாகிறது என்பதும், அந்த வரிசை முடியும்வரை முகடு இருந்தாக வேண்டும் என்பதும் இதனால் புலப்பட்டன.

முகடு எதைச் சுரக்கிறது என்பது தெரிய 45 ஆண்டுகள் ஆயின. 1993இல், முகட்டை நீக்கிய இடத்தில் எஃப்ஜிஎஃப் புரதத்தில் ஊறவைத்த நுண்மணிகளை வைத்தபோது, முகடே இருப்பது போல இறக்கை வளர்ந்தது. 1995இல் வேறொரு குழு, இறக்கைக்கும் காலுக்கும் நடுவே, எதுவும் முளைக்காத விலாப் பக்கத்தில் அதே வகை மணியை வைத்தது. அங்கே கூடுதலாக ஓர் அவயவம் முளைத்தது. உடலின் பக்கவாட்டுச் செல்களுக்குக் கைகால் உருவாக்கும் திறன் இருக்கிறது. தூண்டல்தான் இல்லை என்பது இதன் பொருள்.

சுண்டுவிரல் பக்கத்திலிருந்து வரும் கட்டளை

இரண்டாம் திசை எப்படி அமைகிறது என்பதற்கான துப்பை 1968இல் சாண்டர்ஸும் மேரி காஸலிங்கும் வெளியிட்டனர். அரும்பின் பின்விளிம்பில், அதாவது மனிதக் கையில் சுண்டுவிரல் வரும் பக்கத்தில், உள்ள ஒரு சிறு துண்டுத் திசுவை வெட்டி, வேறொரு அரும்பின் முன்விளிம்பில் ஒட்டினர். கோழி இறக்கையில் மூன்று விரல்களே உண்டு. கருவியலார் வழக்கமாக அவற்றை 2, 3, 4 என எண்ணுவர். ஒட்டுப் போட்ட இறக்கையில் 4, 3, 2, 2, 3, 4 என்று கண்ணாடியில் பார்த்தது போன்ற விரல்கள் வந்தன. ஒட்டிய துண்டு தானே விரலாக மாறவில்லை. பக்கத்துச் செல்களைத்தான் அது மாற்றியது. அதற்கு அருகில் இருந்தவை 4ஆம் விரலாகவும் தள்ளி இருந்தவை 2ஆம் விரலாகவும் ஆயின. அந்தத் திசுப்பகுதிக்கு முனைவாக்கப் பகுதி என்று பெயர்.

லண்டனில் பணியாற்றிய லூயிஸ் வோல்பர்ட் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். முனைவாக்கப் பகுதியிலிருந்து ஏதோ ஒரு மூலக்கூறு கசிந்து பரவுகிறது. அருகில் செறிவு அதிகம், தொலைவில் குறைவு. செல் அந்தச் செறிவை அளந்து தன் இடத்தை அறிகிறது என்பதே அது. ஊதுபத்தி ஏற்றிய அறையில் கண்ணை மூடிக்கொண்டு, மணத்தின் அடர்த்தியை வைத்தே பத்தி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. கருத்து அழகாக இருந்தது. ஆனால் அந்த மூலக்கூறு எது என்று யாருக்கும் தெரியாது. அப்படி நடந்துகொள்ளக்கூடிய உண்மையான ஒரு பொருளுக்கான முதல் துப்புகளில் ஒன்று இந்தியத் தலைப்பிரட்டைகளிடமிருந்து வந்தது.

ஜெய்ப்பூரும் புவனேசுவரமும்

சின்ன காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க நாள்தோறும் கூட்டம் வருகிறது. அங்கே வருபவர்களின் வீட்டுச் சுவர்களில் உள்ள பல்லிகள் வாலை இழந்தால் மீண்டும் வளர்த்துக்கொள்ளும்; காலை இழந்தால் அவற்றாலும் வளர்க்க முடியாது. மழைநீர்க் குட்டையில் நீந்தும் இளம் தலைப்பிரட்டை இதில் ஒரு படி மேல். அது வாலையும் மீட்கும், அப்போதுதான் அரும்பியிருக்கும் பின்னங்காலையும் மீட்கும். தவளையாக முழு உருமாற்றம் அடைந்த பின் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது.

ஜெய்ப்பூரில் உள்ள ராஜஸ்தான் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஐ. ஏ. நியாசியும் எஸ். சக்சேனாவும் தேரை இனம் ஒன்றின் தலைப்பிரட்டைகளின் பின்னங்கால்களை வெட்டி, அவற்றை வைட்டமின் ஏ கலந்த நீரில் வளர்த்தனர். வழக்கமாக இழந்த பகுதி மட்டுமே மீண்டும் வரும். கணுக்காலை வெட்டினால் பாதம் வரும். இங்கே இழக்காத மேற்பகுதிகளும் சேர்ந்து மறுபடி உருவாயின. விந்தையான, இரட்டித்த கால்கள் தோன்றின. 1978இல் இது போலந்து நாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. உடனே பரபரப்பு எதுவும் எழவில்லை. 1982இல் இங்கிலாந்தில் மால்கம் மேடன் இதைத் தொடர்ந்து, ஆக்சலாட்டில் எனும் மெக்சிகோ நீர்ப்பல்லியில் செய்து பார்த்தார். மணிக்கட்டில் வெட்டிய கையை வைட்டமின் ஏ வகைப் பொருளில் வைத்தபோது, அளவு கூடக்கூட, வெட்டுமுனையிலிருந்து முன்கையும், பிறகு மேற்கையும் சேர்த்து வளர்ந்தன. மணிக்கட்டில் இருந்த செல்கள் தாம் தோளில் இருப்பதாக எண்ணிவிட்டன.

அதே 1982இல் செரில் டிக்கிளும் வோல்பர்ட்டும் உள்ளிட்ட குழுவினர், வைட்டமின் ஏ உடலில் மாறிக் கிடைக்கும் ரெட்டினாயிக் அமிலத்தை எடுத்துக்கொண்டனர். அதை ஒரு சிறு ஊடகத்தில் ஏற்றிக் கோழி இறக்கை அரும்பின் முன்விளிம்பில் வைத்தனர். திசு ஒட்டுப் போட்டால் வரும் அதே கண்ணாடி விரல்கள் வந்தன. ஒரு திசுத் துண்டு செய்த வேலையைப் பெயர் தெரிந்த ஒரு வேதிப்பொருள் செய்தது. அதுவும் முருங்கைக்கீரையிலும் மஞ்சள் பூசணியிலும் உள்ள சத்திலிருந்து உடலே தயாரிக்கும் ஒரு பொருள்.

இந்த வரிசையில் மிக வியப்பூட்டுவது 1992இல் புவனேசுவரத்திலிருந்து வந்தது. உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி, எஸ். கே. தத்தா, பி. மகாபாத்ரா ஆகியோர் பளிங்கு பலூன் தவளை என்ற இனத்தின் தலைப்பிரட்டைகளை எடுத்துக்கொண்டனர். இது தமிழ்நாட்டிலும் உள்ள இனம். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழை பெய்ததும் வெளிவந்து குரல் கொடுக்கும். தலைப்பிரட்டையின் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கரைசலில் வைத்தபோது, வால் முளைக்க வேண்டிய இடத்தில் பின்னங்கால்கள் முளைத்தன. ஒன்றல்ல, பல. முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளியாயின. மறு ஆண்டே மேடன் ஐரோப்பியத் தவளை ஒன்றில் அதே முடிவைப் பெற்றார். 1994இல் புவனேசுவரக் குழுவினர் வீட்டுக் குளியலறைகளில் கூட ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை இனத்திலும் இதைக் காட்டினர்.

வாலில் கால் முளைத்ததை வெறும் விந்தையாக எண்ணிவிடக் கூடாது. வெட்டுப்பட்ட வால் முனையில் உள்ள செல்களுக்கு "நான் உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறேன்" என்ற கேள்விக்கு விடை தேவை. மிகையான ரெட்டினாயிக் அமிலம் அந்த விடையை மாற்றி, "நீ இடுப்பில் இருக்கிறாய்" என்று சொல்கிறது. இடுப்பில் இருக்கும் செல்கள் என்ன செய்யுமோ அதையே இவையும் செய்தன. முன்னங்கால்கள் வராமல் பின்னங்கால்கள் மட்டுமே வந்ததும், 1996இல் வெளியான ஆய்வொன்றில் இடுப்புப் பகுதிக்கு உரிய முதுகெலும்பு அமைப்பும் வாலில் இரட்டித்திருந்ததும் இந்த விளக்கத்துக்குப் பொருந்துகின்றன. இடம் பற்றிய செய்தி மாறினால் உறுப்பே மாறும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய சோதனைகள் குறைவு. எளிய ஆய்வகம், மழைக்காலத் தவளை, ஒரு வைட்டமின், பொறுமையான கவனிப்பு ஆகியவையே இதற்குப் போதுமாக இருந்தன. மொகந்தி ஹெஜ்மாடி ஒடிசி நடனக் கலைஞராகவும் நாடறிந்தவர். 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முள்ளெலியின் பெயர் கொண்ட புரதம்

ரெட்டினாயிக் அமிலம்தான் முனைவாக்கப் பகுதியின் சொந்தச் சமிக்ஞை என்று சில ஆண்டுகள் நம்பப்பட்டது. 1993இல் கிளிஃப் டேபின் குழுவினர் உண்மையான சமிக்ஞையைக் கண்டனர். சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்பது அந்தப் புரதத்தின் பெயர். வெளியிலிருந்து வைக்கப்பட்ட ரெட்டினாயிக் அமிலம் முன்விளிம்பில் இந்தப் புரதத்தைச் சுரக்க வைத்தே கண்ணாடி விரல்களை உண்டாக்கியது. இயல்பான வளர்ச்சியில் ரெட்டினாயிக் அமிலம் கை அரும்பு எழுவதற்குத் தேவை. அரும்பு எழுந்தபின் அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

பெயருக்குக் காரணம் பழ ஈ. ஒரு மரபணு பழுதான ஈயின் புழுவில் உடல் முழுதும் முட்கள் வந்ததால் அதற்கு முள்ளெலி என்று பெயரிட்டனர். முதுகெலும்பிகளில் அதன் மூன்று உறவுகள் கிடைத்தபோது, இரண்டுக்கு முள்ளெலி இனங்களின் பெயர்களையும், மூன்றாவதற்கு ஒரு வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயரையும் வைத்தனர். குழந்தைக்கு ஊனம் இருக்கிறது என்று பெற்றோரிடம் விளக்கும் மருத்துவர் இந்த விளையாட்டுப் பெயரைச் சொல்லச் சங்கடப்படுகிறார் என்ற குறை நியாயமானதே. அந்த மூன்றில் ஒன்று இந்திய முள்ளெலி. விரல் எலும்புகளின் குருத்தெலும்பு நீள்வதை அது கட்டுப்படுத்துகிறது. பழுதானால் விரல்கள் குட்டையாகின்றன. 1903இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் மெண்டல் விதிப்படி பரம்பரையாக வருவதாகக் காட்டப்பட்ட குட்டைவிரல் வகைக்கு இந்த மரபணுவே காரணம் என்பது 2001இல் தெரிந்தது.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் அளவால் மட்டும் பேசுவதில்லை, நேரத்தாலும் பேசுகிறது. எலியில் செய்த ஆய்வுகளின்படி, சுண்டுவிரலும் அதன் அடுத்த விரலும் இந்தப் புரதத்தைச் சுரந்த செல்களின் வழிவந்தவை. நடுவிரல் ஓரளவு அப்படி. ஆள்காட்டி விரல் பரவி வந்த புரதத்தை மட்டும் பெற்றது. பெருவிரலுக்கு அது தேவையே இல்லை. இந்தப் புரதமே இல்லாத எலிகளின் பின்னங்காலில் ஒரே ஒரு விரல்தான் வந்தது.

இந்த மரபணுவைக் கைகாலில் மட்டும் இயக்கும் சாவி ஒன்று உண்டு. சுமார் 800 எழுத்து நீளமுள்ள அந்த டி.என்.ஏ. துண்டு, மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் புரதம் முன்விளிம்பிலும் சுரந்து, பெருவிரல் பக்கத்தில் கூடுதல் விரல் முளைக்கக்கூடும் என்பது 2003இல் தெரியவந்தது. எழுத்தாளர் ஹெமிங்வேயின் வீட்டில் உலவும் ஆறுவிரல் பூனைகளின் கதையும் இதுதான். பாம்பின் காலைப் பாம்புதான் அறியும் என்பார்கள். 2016இல் அதை எலியும் அறிந்தது. எலியின் சாவியை எடுத்துவிட்டு அங்கே பாம்பின் சாவியைப் பொருத்தியபோது, கால்கள் வெறும் குட்டை முளைகளாக நின்றுவிட்டன.

விரல்களின் எண்ணிக்கை

சோனிக் ஹெட்ஜ்ஹாக் விரல்களுக்குத் தனித்தன்மை தருகிறது. ஆனால் விரல், இடைவெளி, விரல், இடைவெளி என்று மாறி மாறி வருவது எப்படி? 1952இல் கணிதவியலர் ஆலன் டூரிங் ஒரு வழியைக் கணக்கிட்டுக் காட்டினார். தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் ஒரு பொருளும், அதைத் தடுக்கும், வேகமாகப் பரவும் வேறொரு பொருளும் இருந்தால், யாரும் கோடு போடாமலே பட்டை பட்டையான கோலம் தானாக உருவாகும். பட்டைகளின் அகலம் ஏறத்தாழ நிலையானது. ஆகவே பரப்பு விரிந்தால் பட்டைகளின் எண்ணிக்கை கூடும். சேலையின் அகலத்தைக் கூட்டினால் அதே அகலக் கோடுகள் இன்னும் இரண்டு பிடிக்கும் அல்லவா, அப்படி.

2012இல் ருஷிகேஷ் சேத் உள்ளிட்ட குழுவினர் எலியில் ஹாக்ஸ் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குறைத்தபோது விரல்கள் மெலிந்து நெருங்கி எண்ணிக்கையில் பெருகின. டூரிங் சொன்ன பட்டைகளின் அகலத்தை இந்த மரபணுக்கள் கட்டுப்படுத்துவதாக அவர்கள் விளக்கினர். 2014இல் பிஎம்பி, டபிள்யூஎன்டி, சாக்ஸ்9 ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தப் பட்டைகளை உருவாக்குவதாக மற்றோர் ஆய்வு காட்டியது.

விரல்கள் உருவான பிறகும் அவற்றின் இடையே தோல் ஒட்டியிருக்கும். அங்குள்ள செல்கள் பிஎம்பி புரதத்தின் கட்டளையால் தாமாகவே இறக்கின்றன, விரல்கள் பிரிகின்றன. கோழிக்கும் வாத்துக்கும் உள்ள வேறுபாடு இதில்தான். வாத்தின் பாதத்தில் விரலிடையில் கிரெம்லின் என்ற புரதம் பிஎம்பியைத் தடுப்பதால் செல்கள் சாவதில்லை. துடுப்புப் பாதம் கிடைக்கிறது. 1996இல் கோழிக்கருவின் காலில் பிஎம்பி செய்தி சேராமல் தடுத்தபோது கோழிக்கும் வாத்துப் பாதம் வந்தது. மனிதர்களில் இரு விரல்கள் ஒட்டிப் பிறப்பது 2,000 முதல் 3,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உள்ளது. பிரிய வேண்டிய இந்தக் கட்டம் முழுமையடையாததே அது.

கிரகணமும் மாத்திரையும்

ஆறு விரலோடு பிறந்த குழந்தையை அதிர்ஷ்டசாலி என்று தமிழ்நாட்டில் கொண்டாடுவார்கள். விரல் குறைந்தோ ஒட்டியோ பிறந்தால் பேச்சு மாறிவிடும். கிரகணத்தன்று வெளியே வந்தாளா, காய் நறுக்கினாளா என்று தாயைக் கேட்பார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே அந்தப் பெண் தன் நினைவில் தேடத் தொடங்கிவிடுவாள்.

மேலே சொன்ன நாள்கணக்கு இதற்கு நேரான விடை தருகிறது. விரல்களின் எண்ணிக்கையும் பிரிவும் எட்டாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடக்கும்போது உள்ளே இருக்கும் குழந்தையின் விரல்கள் பிரிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். ஐந்தாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ வந்த கிரகணம் அவற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. முதல் எட்டு வாரத்துக்குள் கிரகணம் வந்தாலும் நிழலுக்கும் இந்தப் புரதங்களுக்கும் தொடர்பு இல்லை. ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பனிக்குடச் சவ்வின் இழைகள் பின்னாளில் விரலைச் சுற்றி இறுக்கிச் சேதப்படுத்துவது உண்டு. அது உள்ளே நேரும் விபத்து. தாய் செய்த எதனாலும் வருவதல்ல. கூடுதல் விரல்களில் பல, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த மரபணு மாற்றத்தால் வருபவை. அந்த ஒருவர் தந்தையாகவும் இருக்கலாம் என்பது வீடுகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

சமிக்ஞைகளை உண்மையிலேயே குலைப்பவை சில மருந்துகள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் வாந்திக்கும் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறக்கக் காரணமானது. கருத்தரித்த 20 முதல் 36 நாட்களுக்குள் உட்கொண்டதே கேடு செய்தது. அந்த மருந்து செல்லுக்குள் செரிபுளான் என்ற புரதத்தோடு ஒட்டுகிறது என்பது 2010இலும், அதன் விளைவாகக் கைகால் வளர்ச்சிக்குத் தேவையான சால்4 புரதம் அழிக்கப்படுகிறது என்பது 2018இலும் தெரிந்தன. எலிகளில் இந்தக் கேடு தென்படுவதில்லை. இன்றும் தொழுநோயின் ஒருவகை எதிர்வினைக்கும் எலும்பு மச்சைப் புற்றுக்கும் கடும் கட்டுப்பாட்டோடு தாலிடோமைடு கொடுக்கப்படுகிறது.

முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை, தலைப்பிரட்டைகளின் வாலில் கால் முளைக்க வைத்த பொருளின் நெருங்கிய உறவு. கருவில் அது பெரும்பாலும் கைகாலைவிட முகம், காது, இதயம், மூளை ஆகியவற்றையே தாக்குகிறது. மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. திருமணம் நிச்சயமான பெண், முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்குவது ஆபத்தானது. வலிப்புக்கான வால்ப்ரோயேட் மருந்தும் கருவின் கைகாலையும் தண்டுவடத்தையும் பாதிக்கக்கூடும். ஆனால் அதைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

வைட்டமின் ஏ என்றதும் கீரைக்கும் கேரட்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை. அவற்றில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் தேவைக்கேற்பவே வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் வைட்டமின் ஏ திரவம் அவர்களின் கண்ணைக் காக்கும்; அதைத் தவறவிடக் கூடாது. கர்ப்பிணிக்கு அந்த அளவு பொருந்தாது. பற்றாக்குறை கடுமையாக உள்ள பகுதிகளில் கூட, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 10,000 அலகு அல்லது வாரத்துக்கு 25,000 அலகு என்ற வரம்பையே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைக்கு ஒரே வேளையில் கொடுக்கப்படும் அளவோ 1 லட்சம் அல்லது 2 லட்சம் அலகு.